கும்பல் வன்முறை, மக்கள் கோபம், அடிப்படை உரிமைகள்: தொடக்கநிலை விளக்கம்

ஒரு பகுதி கும்பலின் பிடிக்குள் போய்விட்டால், அங்கே உரிமைகளை முதலில் பறிப்பது அரசு அல்ல, அந்தக் கும்பல்தான். இதைச் சொல்லாமல் நேரே காவல்துறை அத்துமீறலுக்குத் தாவும் விளக்கங்கள் பாதிக் கதையை விட்டுவிடுகின்றன. அந்தப் பாதி தெரியாதவருக்கு, இவ்வளவு கடுமையான சட்டத்துக்கு மக்கள் ஏன் கைதட்டுகிறார்கள் என்பது கடைசிவரை புரியாது.

மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரைப் பார்ப்போம். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இப்போதைக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அங்கே எம்எஸ்-13, பாரியோ 18 என்று இரண்டு பெரிய கும்பல்கள் இருந்தன. இரண்டுமே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் வளர்ந்தவை. 1990-களில் அங்கிருந்து நாடுகடத்தப்பட்டவர்களோடு எல் சால்வடோருக்கு வந்து சேர்ந்தன. அந்த நாட்களில் பேருந்து ஓட்டுபவர், சந்தையில் கடை போடுபவர், தெருவில் தள்ளுவண்டி தள்ளுபவர் என்று யாரும் மாமூல் கட்டாமல் தப்ப முடியாது. ஒரு கும்பலின் பகுதியில் குடியிருக்கும் இளைஞர் மற்றொரு கும்பலின் பகுதிக்குள் போய் மாட்டிக்கொண்டால், அடையாள அட்டையில் இருக்கும் முகவரியே உயிருக்கு உலை வைத்துவிடும். 2015-இல் மட்டும் 6,600-க்கு மேற்பட்ட கொலைகள். லட்சம் பேருக்கு நூற்றுக்கு மேல் என்ற விகிதம் அது.

நடமாடவும், தொழில் செய்யவும், வாய்திறந்து பேசவும் முடியாமல் இருந்த ஒருவரிடம், "கைதாகிறவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கிறோம்" என்று அரசு சொன்னால் அவர் எதை இழந்ததாக நினைப்பார்? அவர் கண்ணில் அது கும்பல்காரனின் உரிமை. தன்னுடையதும் அதேதான் என்று உணர வேண்டிய தருணம் அவருக்கு இன்னும் வரவில்லை.

கோபத்துக்கு இன்னொரு ஊற்று நீதிமன்றங்களில் இருக்கிறது. சாட்சி சொன்னால் வீட்டுக்கு ஆள் வரும் என்ற பயத்தில் சாட்சிகள் பிறழ்கிறார்கள். வழக்கு தோற்கிறது, அல்லது பத்தாண்டு இழுக்கிறது. ஜாமீனில் வந்தவன் அதே தெருவில் மறுபடியும் நிற்கிறான். "மனித உரிமை எல்லாம் குற்றவாளிக்குத்தானா?" என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிட்டு மேலே பேசுகிற உரிமை ஆர்வலர் யாரும் அந்தத் தெருவில் ஒரு ஆளைக்கூடத் தன் பக்கம் இழுக்க மாட்டார்.

எந்த உரிமைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

கும்பல் ஒழிப்பு என்ற பெயரில் முதலில் கைவைக்கப்படுபவை குறிப்பிட்ட சில உரிமைகள்தான். ஏன் கைது செய்கிறார்கள் என்று அறியும் உரிமை. வழக்கறிஞர் உதவி. குறித்த நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்படுவது (இந்தியாவில் 24 மணி நேரம், எல் சால்வடோரில் இயல்பாக 72 மணி நேரம்). ஜாமீன். கூட்டத்தோடு கூட்டமாக அல்லாமல் தனிமனிதராக விசாரிக்கப்படுவது. தொலைபேசி, கடிதம் ஆகியவற்றின் அந்தரங்கம். கூடுவது, பேசுவது.

இவற்றில் சிலவற்றை நெருக்கடியில் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சர்வதேசச் சட்டமே இடம்கொடுக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு அதற்கு நிபந்தனைகள் விதிக்கிறது: நாட்டின் உயிருக்கே ஆபத்தான நெருக்கடி இருக்க வேண்டும், அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், நிலைமைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் குறைக்கலாம், ஐநா வழியாக மற்ற நாடுகளுக்கும் தெரிவிக்க வேண்டும். உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கு உள்ளாகாத உரிமை, நடந்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னால் வந்த சட்டத்தால் தண்டிக்கப்படாத உரிமை போன்றவற்றை எந்த நெருக்கடியிலும் தொட முடியாது. பிடித்து வைத்திருப்பவரை நீதிபதி முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. காரணம் எளிது: அடித்தார்களா, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க ஒரு நீதிபதி இல்லாவிட்டால், தொடக் கூடாத உரிமைகளும் ஏட்டோடு நின்றுவிடும்.

கோபம் எப்படிச் சட்டமாகிறது?

பெரும்பாலும் ஒரு கொலை, அல்லது தொடர் கொலைகள். செய்தி பரவுகிறது, எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் யார் அதிகக் கடுமை என்று போட்டி போடுகின்றன, சில நாளில் மசோதா வருகிறது. நாடு எதுவானாலும் அந்த மசோதா கையில் எடுக்கும் கருவிகள் நான்கைந்துக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, செய்ததை விட்டுவிட்டு யாராக இருக்கிறார் என்பதைக் குற்றமாக்குவது. சிகாகோ நகரம் 1992-இல் ஒரு சட்டம் போட்டது. பொது இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள், அவர்களில் ஒருவர் கும்பல் உறுப்பினர் என்று காவலர் நம்புகிறார், வெளித்தெரியும் நோக்கம் எதுவும் இல்லாமல் நிற்கிறார்கள் என்றால், எல்லோரையும் கலைந்து போகச் சொல்லலாம். போகாதவரைக் கைது செய்யலாம். மூன்றாண்டுகளில் 89,000-க்கு மேற்பட்ட கலைப்பு உத்தரவுகள், 42,000-க்கு மேற்பட்ட கைதுகள். 1999-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. ஒருவர் நிற்பதன் நோக்கம் "வெளியே தெரிகிறதா" என்பதை எப்படி அளப்பது? நண்பனுக்காகக் காத்திருப்பவரும், மழை விடட்டும் என்று ஒதுங்கியவரும், சரக்குக் கைமாற்றக் காத்திருப்பவரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் நிற்பார்கள். எது குற்றம் என்று சாதாரண ஆளுக்கு முன்கூட்டியே தெரியாத சட்டம், அந்த நேரத்தில் ரோந்தில் இருக்கும் காவலரின் கையில்தான் உருவம் பெறும். இன்னொரு வேடிக்கை, உண்மையிலேயே போதை விற்க நின்றவன் "ஐயா, சரக்கு விற்க நிற்கிறேன்" என்றால் நோக்கம் தெரிந்துவிடுகிறது. அந்தச் சட்டத்தின் வாசகப்படி அவன் அதில் மாட்ட மாட்டான்.

இரண்டாவது கருவி, பட்டியல். கும்பல்காரர் என்று சந்தேகிக்கப்படுபவர்களின் பெயர்களைக் காவல்துறை கணினியில் ஏற்றி வைக்கும். குற்றம் நிரூபணமாகத் தேவையில்லை. பச்சை குத்தியிருப்பது, உடை, யாரோடு பார்த்தார்கள், எந்தத் தெருவில் அடிக்கடி தென்படுகிறார் என்பவை போதும். கலிபோர்னியாவின் கால்கேங் தரவுத்தளத்தை 2016-இல் மாநிலத் தணிக்கையாளர் ஆராய்ந்தார். அப்போது அதில் ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். பெயர் ஏற்றப்பட்ட தேதியில் ஒரு வயதுகூட நிரம்பாத 42 பேர் அதில் அடக்கம். அவர்களில் 28 குழந்தைகள் தாங்கள் கும்பல் உறுப்பினர் என்று "ஒப்புக்கொண்டதாக" பதிவாகியிருந்தது! பிறந்த தேதியை யாரோ தவறாகத் தட்டியிருக்கலாம். கவனிக்க வேண்டியது அதுவல்ல. பட்டியலில் இருப்பவருக்குத் தன் பெயர் அதில் இருப்பதே தெரியாது. தெரியாததால் யாரும் திருத்தக் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் இப்படிப்பட்ட பிழைகூட வெளி ஆள் தணிக்கைக்கு வரும்வரை அப்படியே கிடந்தது. ஐந்து ஆண்டில் நீக்க வேண்டிய பெயர்களிலும் 600-க்கு மேற்பட்டவற்றுக்கு நீக்கும் தேதி அந்த வரம்பைத் தாண்டிக் குறிக்கப்பட்டிருந்தது.

லண்டன் காவல்துறையும் 2011 கலவரத்துக்குப் பின், 2012-இல் இதே போன்ற ஒரு பட்டியலைத் தொடங்கியது. அதில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கறுப்பினத்தவர் என்பது பின்னால் வெளிவந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் மீறப்பட்டதாக 2018-இல் தகவல் ஆணையர் அலுவலகம் கண்டறிந்தது. 2024-இல் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது.

மூன்றாவது, கூட்டுப் பழி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் மோட்டார் சைக்கிள் கும்பல்களை ஒடுக்க 2013-இல் கொண்டுவந்த சட்டம், குற்றத்துக்கான தண்டனையோடு சங்கத்தில் பங்குபெற்றதற்காக இன்னும் 15 ஆண்டு, பொறுப்பில் இருந்தவருக்கு 25 ஆண்டு என்று கூட்டிக்கொண்டே போனது. 2016-இல் நீக்கப்பட்டது. ஸ்வீடனில் 2024 ஏப்ரலில் இருந்து, காவல்துறை "பாதுகாப்பு வலயம்" என்று அறிவித்த இடத்தில், தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லாமலே ஆட்களையும் வண்டிகளையும் சோதனையிடலாம். அதிக நாள் காத்திராமல் ஜூன் மாதமே நோர்ஷோப்பிங் நகரில் அதைப் பயன்படுத்தினார்கள்.

நான்காவது, விசாரணைக்கு முன்பே சிறை. இதற்குத் தமிழ்நாட்டின் குண்டர் சட்டம் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம் அது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவு போடலாம். 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள், காவலில் வைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். அதிகபட்சம் 12 மாதம் உள்ளே வைக்கலாம். குழுமத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் என்று தொடங்கிய பட்டியலில் 2004-இல் திருட்டு வீடியோ விற்போர், 2014-இல் இணையக் குற்றவாளிகள், பாலியல் குற்றவாளிகள் என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். ஒரு கருவி கையில் இருந்தால் அடுத்த கோபத்துக்கும் அதுவே எடுக்கப்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. சாதாரணச் சட்டமே போதுமானதாக இருக்கும் இடத்தில் தடுப்புக் காவலை எடுக்கக் கூடாது என்று ரேகா வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சட்டமே இல்லாத எதிர்வினையும் உண்டு. ஹைட்டியின் தலைநகரில் 2023 ஏப்ரல் 24 அன்று, காவலர் பிடித்து வைத்திருந்த கும்பல் சந்தேக நபர்கள் பத்துப் பேருக்கு மேற்பட்டவர்களைப் பொதுமக்கள் பறித்து, அடித்து, எரித்துக் கொன்றார்கள். அது ஒரு நாள் சம்பவமாக நிற்கவில்லை. "ப்வா காலே" என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியது. இப்படிச் செத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் கும்பல்காரர் என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. என்கவுன்டருக்குப் பட்டாசு வெடிப்பதும் இதே வகைதான். ஒரே வித்தியாசம், துப்பாக்கி சீருடையில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

"அப்பாவிகள் சிலர் மாட்டலாம், ஆனால் பெரும்பாலும் சரியாகத்தான் பிடிக்கிறார்கள்" என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனைதான், கணக்கு நிஜம்.

லட்சம் பேர் வாழும் ஒரு பகுதி. அதில் 1,000 பேர் கும்பல்காரர்கள். காவல்துறையின் கணிப்பு 95 சதவீதம் துல்லியம் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். பச்சை, உடை, அநாமதேயத் தொலைபேசித் தகவல் ஆகியவற்றை வைத்துப் பிடிப்பதில் அந்தத் துல்லியம் கனவு. 1,000 பேரில் 950 பேர் மாட்டுவார்கள். மீதி 99,000 அப்பாவிகளில் 5 சதவீதம் பேர், அதாவது 4,950 பேர், தவறாகக் குறிக்கப்படுவார்கள். ஆக மொத்தம் 5,900 பேர் பிடிபட்டால் அதில் ஆறில் ஐந்து பேர் அப்பாவிகள். நேர்மையான காவலர்கள், 95 சதவீதத் துல்லியம், இருந்தும் இதுதான் விடை.

நடைமுறையில் காவல்துறை எல்லோரையும் சல்லடை போடுவதில்லை, முன்சந்தேகம் உள்ளவர்களைத்தான் பார்க்கிறது. அதனால் விகிதம் இவ்வளவு மோசமாகாது. ஆனால் ஒரு மாற்றம் நடந்தால் கணக்கு இந்தத் திசையில்தான் ஓடும்: இத்தனை பேரைப் பிடித்தாக வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைப்பது. உண்மையான ஆட்கள் முதல் சில வாரத்தில் மாட்டிவிடுவார்கள் அல்லது ஓடிவிடுவார்கள். அதன் பிறகும் தினசரி எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டுமென்றால் மிச்சம் இருப்பவர்களைத்தான் பிடிக்க வேண்டும். எல் சால்வடோரில் இப்படி இலக்கு வைக்கப்பட்டதாகக் காவலர் தொழிற்சங்கமே குற்றம்சாட்டியது.

எல் சால்வடோரில் நடந்தது

2022 மார்ச் 26, சனிக்கிழமை. ஒரே நாளில் 62 கொலைகள். அந்த வார இறுதியில் மொத்தம் 87. மக்கள்தொகை சுமார் 63 லட்சம் மட்டுமே உள்ள நாடு அது. ஞாயிற்றுக்கிழமை நாடாளுமன்றம் 30 நாளுக்கு அவசரநிலையை அங்கீகரித்தது. கைதின் காரணத்தை அறியும் உரிமை, வழக்கறிஞர் உரிமை, தகவல்தொடர்பு அந்தரங்கம் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. நீதிபதி முன் நிறுத்தாமல் வைத்திருக்கும் காலம் 72 மணி நேரத்தில் இருந்து 15 நாளாக நீண்டது.

அவசரநிலையை அறிவித்த ஆணையை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். கனமான மாற்றங்கள் அடுத்த சில நாளில், சாதாரணச் சட்டத்திருத்தங்களாக வந்தன. கும்பலில் உறுப்பினராக இருப்பதற்கு 20 முதல் 30 ஆண்டு, தலைவர்களுக்கு 45 ஆண்டு வரை. 12 வயதுச் சிறுவருக்கும் 10 ஆண்டு வரை சிறை. கும்பல் வழக்குகளில் நீதிபதி ஜாமீன் தரவே முடியாது. விசாரணைக் கைதியாக வைத்திருக்க இருந்த இரண்டாண்டு வரம்பும் போயிற்று. நீதிபதியின் பெயரை மறைத்து வைக்கவும் வழி. அவசரநிலை நாளையே முடிந்தாலும் இவை முடியாது, ஏனென்றால் இவற்றுக்குக் கெடு தேதி கிடையாது. 2023 ஜூலையில் ஒரே வழக்கில் 900 பேர் வரை சேர்த்து விசாரிக்க அனுமதி வந்தது. அதற்கு முன்பே, 400, 500 பேரின் வழக்கை எடுத்துரைக்க அரசு வழங்கிய வழக்கறிஞருக்கு மூன்று, நான்கு நிமிடங்கள்தான் கிடைத்ததாக ஐநா மனித உரிமை வல்லுநர்கள் சுட்டிக்காட்டியிருந்தார்கள். ஆளுக்கு அரை விநாடி.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. அதை மறுப்பது நேர்மையல்ல. அரசுக் கணக்குப்படி 2021-இல் 1,147 கொலைகள், 2022-இல் 495, 2023-இல் 154, 2024-இல் 114. இந்தக் கணக்கில் காவலரோடு மோதிச் செத்தவர்களும் சிறையில் செத்தவர்களும் வரமாட்டார்கள். 2015-இல் இருந்த 6,600 என்ற உச்சத்தில் இருந்து 2021-க்குள்ளேயே பெருமளவு குறைந்திருந்தது; அந்தக் குறைவுக்குக் கும்பல்களோடு அரசு செய்த ரகசியப் பேரம் ஒரு காரணம் என்று உள்நாட்டுப் பத்திரிகை எல் ஃபாரோ எழுதியது, அமெரிக்க நிதித்துறையும் 2021 டிசம்பரில் இரு அதிகாரிகள் மீது அந்தக் காரணம் சொல்லித் தடை விதித்தது. இவற்றையெல்லாம் கழித்தாலும், மாமூல் கட்டாமல் கடை திறப்பதும் இரவில் பிள்ளைகள் தெருவில் விளையாடுவதும் உண்மை. அதிபர் நயீப் புகேலே 2024 பிப்ரவரித் தேர்தலில் 80 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கியது சும்மா இல்லை.

இனி விலையைப் பார்ப்போம். 2024 இறுதிக்குள் 80,000-க்கு மேற்பட்ட கைதுகள். அவர்களில் 8,000 அப்பாவிகளை விடுவித்துவிட்டதாக அந்த ஆண்டு நவம்பரில் அதிபரே சொன்னார். அரசே ஒப்புக்கொண்ட பிழை பத்தில் ஒன்று. அதுவும் வெளியே வந்தவர்கள் கணக்கு மட்டும். உள்ளே 250-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக 2024-இல் கிறிஸ்தோசால் என்ற மனித உரிமை அமைப்பு ஆவணப்படுத்தியது.

ஒரு குடும்பத்தின் பக்கம் இருந்து பார்த்தால் இது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மகனைக் கொண்டுபோய்விட்டார்கள். எந்தச் சிறை என்று சொல்லவில்லை. தலைநகர் அருகே மரியோனா சிறை வாசலில் தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள். கையில் ஒரு கோப்பு: வீட்டுப் பத்திரம், முதலாளி கொடுத்த கடிதம், சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தேவாலயப் பாதிரியாரின் நற்சான்று. இவர் இந்த ஊரில் வேர் விட்டவர், ஓடிப்போக மாட்டார் என்று காட்டத்தான் இவ்வளவும். சாதாரண வழக்கில் ஜாமீன் வாங்கித் தரும் காகிதங்கள் இவை. ஜாமீனே இல்லாத வழக்கில் நீதிபதி இவற்றைப் படித்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சோப்பு, பற்பசை, உள்ளாடை அடங்கிய பொட்டலத்தை வாசலில் கட்டிக் கொடுத்துவிட்டு, அது மகன் கையில் சேர்ந்ததா என்று தெரியாமல் திரும்புகிறார்கள்.

அடுத்து என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 30 நாள் அவசரநிலை 40 முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. 2025 மே மாதம் கிறிஸ்தோசாலின் ஊழல் எதிர்ப்புப் பிரிவுத் தலைவர் ரூத் லோபஸ் கைதானார். அவர் கும்பல்காரர் என்று யாருமே சொல்லவில்லை. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கு 30 சதவீத வரி விதிக்கும் சட்டமும் அதே மாதம் வந்தது. ஜூலையில் அந்த அமைப்பு நாட்டைவிட்டே வெளியேறியது. அதே மாதக் கடைசியில் அதிபர் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்று அரசியல் சாசனம் திருத்தப்பட்டது.

இது எப்படிச் சாத்தியமானது? விடை 2021 மே 1-இல் இருக்கிறது. அவசரநிலைக்கு ஏறத்தாழப் பதினோரு மாதம் முன்பே, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வின் நீதிபதிகள் ஐவரையும் அரசுத் தலைமை வழக்கறிஞரையும் நாடாளுமன்றம் ஒரே இரவில் நீக்கியிருந்தது. 2003-இல் இதே நாடு கொண்டுவந்த முதல் கும்பல் ஒழிப்புச் சட்டத்தை 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் அப்படிச் செய்ய யாரும் மிச்சம் இல்லை. ஆகவே, ஒரு கும்பல் சட்டம் எவ்வளவு ஆபத்தானது என்று எடைபோட, அதன் வாசகத்தைவிட அதைத் தட்டிக்கேட்கும் நீதிபதி நாற்காலியில் இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மற்ற இடங்களில்

எல் சால்வடோரைப் பார்த்து அப்படியே பிரதியெடுத்த இடங்களில் அதே பலன் வரவில்லை. ஈக்வடாரில் ஆயுதக் கும்பல் தொலைக்காட்சி நேரலைக்குள் புகுந்த 2024 ஜனவரி 9 அன்று, அதிபர் டேனியல் நோபோவா "உள்நாட்டு ஆயுத மோதல்" என்று அறிவித்து 22 குழுக்களைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தார். ராணுவம் தெருவுக்கு வந்தது. அந்த ஆண்டு கொலைகள் சற்றே குறைந்தன. 2025-இல் ஏறி முந்தைய உச்சத்தையும் தாண்டின. அங்கே கும்பல்கள் கடல்வழிப் போதைக் கடத்தலில் வேர்விட்டவை. தலைவனைப் பிடித்தால் கும்பல் துண்டாகிறது, துண்டுகள் துறைமுகத்துக்காக ஒன்றையொன்று சுடுகின்றன. 2024 டிசம்பரில் குவாயாகில் நகரில் ராணுவ ரோந்து பிடித்துச் சென்ற 11 முதல் 15 வயதுள்ள நான்கு சிறுவர்கள் பின்னர் எரிந்த உடல்களாகக் கிடைத்தார்கள்.

கண்மூடித்தனமான கைதுக்கு இன்னொரு பக்கவிளைவு உண்டு. 2003-க்குப் பின் எல் சால்வடோர் கும்பல்வாரியாகத் தனித்தனிச் சிறைகளில் அடைத்தது. உள்ளே சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு, சிறையையே கும்பலின் தலைமையகமாக்கியது. தெருவில் சிதறிக் கிடந்தவர்கள் உள்ளே போய்தான் ஒழுங்கான அமைப்பானார்கள்.

உரிமைகளைக் காத்துக்கொண்டு கும்பலை உடைக்க முடியுமா என்றால், இத்தாலியின் பலெர்மோ நகரைப் பார்க்கலாம். சிசிலி மாஃபியா மீதான மாபெரும் வழக்கு 1986 பிப்ரவரியில் தொடங்கியது. 475 பேர் மீது குற்றச்சாட்டு. ஏறத்தாழ இரண்டாண்டு விசாரணைக்குப் பின் 1987 டிசம்பரில் 330-க்கு மேற்பட்டவர்களுக்குத் தண்டனை, 114 பேர் விடுதலை. அந்த 114 என்ற எண்தான் முக்கியம்: ஆளாளுக்குச் சாட்சியம் எடைபோடப்பட்டது என்பதற்கு அது அத்தாட்சி. அதனால்தான் 1992-இல் மேல்முறையீட்டின் கடைசிப் படியிலும் அந்தத் தண்டனைகள் பெரும்பாலும் நின்றன. பாஸ்டன் நகரில் 1996-இல் தொடங்கிய திட்டம் இன்னொரு வழி. சுடுகிறவர்கள் நகர இளைஞர்களில் மிகச் சிறிய பகுதிதான் என்று கண்டறிந்து, "அடுத்து சுட்டால் உன் குழு முழுக்க எங்கள் கவனத்துக்கு வரும், விட்டுவிட்டால் வேலைக்கும் படிப்புக்கும் உதவுகிறோம்" என்று நேருக்கு நேர் உட்கார்ந்து சொன்னார்கள். இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பீட்டு ஆய்வு சொன்னது. 2000-க்குப் பின் திட்டத்தைக் கைவிட்டார்கள், சுடுதல் திரும்பியது.

புதிய சட்டம் வரும்போது எங்கே பார்ப்பது?

முதலில் வரையறைப் பிரிவு. "கும்பல்", "உறுப்பினர்", "உடந்தை" என்பவற்றுக்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். "தொடர்புடையவர்", "ஆதரவளிப்பவர்" போன்ற சொற்கள் வரையறை இல்லாமல் இருந்தால், மாமூல் கட்டிய கடைக்காரரையே நிதி கொடுத்தவராக உள்ளே தள்ளிவிட முடியும்.

அடுத்து காலக்கெடு. எப்போது முடியும் என்று இருக்கிறதா, நீட்டிக்க யார் ஓட்டுப் போட வேண்டும், அதற்குப் புதிய ஆதாரம் காட்ட வேண்டுமா? கூடவே, அதே வாரத்தில் தண்டனைச் சட்டத்தில் நுழைந்த திருத்தங்களையும் தேடிப் பிடியுங்கள். நிரந்தரமாகத் தங்கப்போவது அவைதான்.

பட்டியல் ஏதாவது உருவாகிறதா? பெயர் சேர்த்ததும் ஆளுக்குத் தெரிவிப்பார்களா, எதிர்த்து எங்கே முறையிடுவது, எத்தனை ஆண்டில் தானாக நீங்கும், யார் தணிக்கை செய்வார்? இவற்றில் ஒன்றுக்குக்கூடச் சட்டத்தில் பதில் இல்லையென்றால் கால்கேங் கதைதான்.

தவறாகப் பிடிபட்டவர் வெளியே வரும் வழி எவ்வளவு நீளம் என்றும் பாருங்கள். வாரமா, மாதமா, ஆண்டா? இழப்பீடு உண்டா? வேலையில் திரும்பச் சேர முடியுமா? கடுமையைப் பற்றி நீட்டி முழக்கும் மசோதாக்கள் இந்த இடத்தில் வாய்மூடிவிடும்.

யாராவது பிடிபட்டுவிட்டால், முதல் நாளில் செய்ய வேண்டியவை எல்லா நாட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நேரம், இடம், வந்த வாகனத்தின் எண், காவலரின் பெயர்ப் பட்டை, பார்த்தவர்கள் ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவை அன்றே நகலெடுங்கள். பல கருவிகளில் சில நாளில் பழைய பதிவு அழிந்துவிடும். காவல்துறை, நீதிபதி, மனித உரிமை ஆணையம் ஆகிய மூன்றுக்கும் தேதியிட்ட கடிதம் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தடுப்புக் காவலாக இருந்தால் அரசுக்கு அனுப்பும் முறையீட்டின் தேதி பொன்னுக்குச் சமம்: அதைப் பரிசீலிக்கக் காரணமில்லாமல் தாமதித்தார்கள் என்ற ஒன்றை வைத்தே இந்திய உயர் நீதிமன்றங்கள் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கின்றன. கைதானவருக்குக் கொடுத்த ஆவணங்களில் படிக்க முடியாத பக்கம், அவருக்குத் தெரியாத மொழியில் உள்ள பக்கம் இருந்தால் தனியாகக் குறித்து வையுங்கள்; அதுவும் அதே போல உதவும். மொத்தக் கோப்பின் ஒரு நகலை வழக்கறிஞரிடமும் இன்னொன்றை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். வீட்டைச் சோதனையிட வருகிறவர்கள் அசலை அள்ளிக்கொண்டு போவதுண்டு.